மூன்று சாணும் இரண்டு விரலும்

மார்ச் 14ஆம் திகதி பிற்பகல் 1.59க்கு எங்கள் பாடசாலையில் வழக்கமாக ஒருவரும் இருப்பதில்லை. கடைசி மணி 1.30க்கு அடிக்கும், 1.45க்கு வரும் பேருந்தைப் பிடிக்கப் பிள்ளைகள் கல்படிகளில் இறங்கி ஓடுவார்கள். அதைத் தவறவிட்டால் அடுத்த பேருந்து மூன்று மணிக்குப் பிறகுதான். இருந்தும் ஒரு வியாழக்கிழமை, தரம் ஒன்பதின் 31 பிள்ளைகளையும் நான் வகுப்பிலேயே இருத்தி வைத்திருந்தேன். வட்டத்தின் பரிதியை அதன் விட்டத்தால் வகுத்தால் வரும் எண், பை என்று நாம் அழைக்கும் மாறிலி, 3.1415926 என்று தொடங்கி முடிவின்றி நீள்கிறது. மூன்றாம் மாதம், பதினான்காம் நாள், ஒரு மணி, ஐம்பத்தொன்பது நிமிடம், இருபத்தாறு செக்கன் என்று நாட்காட்டியும் கடிகாரமும் சேர்ந்து அந்த எண்ணை உச்சரிக்கும் கணத்தில் எல்லோரும் கைதட்ட வேண்டும் என்பது என் ஏற்பாடு. செக்கன் முள் இருபத்தாறைத் தொட்டது, கைதட்டினோம், பிள்ளைகளின் முகங்களில் உண்மையான மகிழ்ச்சி இருந்தது. பிறகு பேருந்து இல்லாத வீதியில் அவர்கள் வீட்டுக்கு நடந்தார்கள். தாமதத்துக்குக் காரணம் நான் என்பதால் அவர்களோடு நானும் நடந்தேன். அந்த நடையில் ஒரு பிள்ளை கேட்ட கேள்வி இன்றுவரை என்னை விடவில்லை.

அந்தக் கேள்விக்கு முன்பே வகுப்பில் ஒரு தடை எழுந்திருந்தது. அன்று காலை மாணவத் தலைவன் கரும்பலகையின் மூலையில் வழக்கம்போல 14.03 என்று திகதி எழுதியிருந்தான். நான் கொண்டாட்டத்தை விளக்கி முடித்ததும் அவன் எழுந்து, பலகையில் இருப்பது பதினான்கு தசம் பூச்சியம் மூன்று அல்லவா, மூன்று தசம் ஒன்று நான்கு எங்கே இருக்கிறது என்று கேட்டான். காரியாலயக் கடிதங்களில் ஆண்டை முதலிலும் மாதத்தை அடுத்தும் நாளைக் கடைசியிலும் எழுதுகிறோம், அப்போது 03.14 வந்துவிடும் என்று சமாளித்தேன். “அப்ப முன்னால நிக்கிற ஆண்டை என்ன செய்றது டீச்சர்?” என்று அவன் கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை. இந்தக் கொண்டாட்டம் 1988இல் சான் பிரான்சிஸ்கோவின் எக்ஸ்ப்ளோரட்டோரியம் என்னும் அறிவியல் அருங்காட்சியகத்தில், லாரி ஷா என்ற பௌதிகவியலாளரின் யோசனையில் தொடங்கியது. மாதத்தை முதலில் எழுதும் நாட்டின் கொண்டாட்டம் அது. 2019இல் யுனெஸ்கோ அதே நாளைச் சர்வதேசக் கணித நாளாக அறிவித்தபின் உலகம் முழுவதற்கும் உரியதாகிவிட்டது. அமெரிக்காவில் அன்று வட்டமான பை என்னும் பலகாரத்தை வெட்டி உண்பார்கள்; இரண்டு சொற்களும் அவர்கள் மொழியில் ஒரே ஒலி. நம் வீட்டுப் பிள்ளைகள் அன்று வட்டமான தேங்காய் ரொட்டி கொண்டு வந்திருந்தார்கள். ஒலி பொருந்தவில்லை என்றாலும் வட்டம் பொருந்தியது.

சரி, அந்தக் கேள்வி. வீதி வளைந்து தேயிலை மலைக்குள் நுழையும் இடத்தில், அதுவரை பேசாமல் வந்துகொண்டிருந்த ஒரு மாணவி என் அருகே வந்தாள். அவளுடைய அம்மா கொழுந்து எடுப்பவர். “டீச்சர், மூணு தசம் ஒண்ணு நாலுன்னு நிப்பாட்டிட்டா, மிச்சம் யாருக்குப் போகுது?” என்று கேட்டாள். அது மிகச் சிறியது மகள், கணக்கில் எடுப்பதில்லை என்றேன். அவள் சிறிது தூரம் ஒன்றும் சொல்லாமல் நடந்தாள். பிறகு, குறை சொல்லும் தொனி சிறிதும் இன்றி, “மடுவத்துலயும் அப்படித்தான் சொல்லுவாங்க” என்றாள்.

மடுவத்தின் தராசு

நான் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்தவள். என் அம்மாவும் கொழுந்து எடுத்தவர். மாலையில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு முன்னால் வரிசையில் நிற்கும் பெண்களின் பின்னால், அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றிருக்கிறேன். தராசின் வட்ட முகத்தில் முள் நடுங்கி நடுங்கிப் பதினேழுக்கும் பதினெட்டுக்கும் இடையில் நிற்கும். ஏட்டில் பதினேழு என்று விழும். சாக்கின் நிறைக்கென்று கொஞ்சம் போகும், மழை நாளில் இலையின் ஈரத்துக்கென்று இன்னும் கொஞ்சம் போகும். குறிப்பிட்ட கிலோ நிறையாவிட்டால் அன்றைக்கு அரைப்பேர்தான். நாள் முழுவதும் மலையில் நின்ற கால்களுக்குப் பாதிச் சம்பளம். அம்மா ஒருநாளும் கணக்குப் படித்தவர் அல்லர். ஆனால் அடுப்படிச் சுவரில் கரித்துண்டால் கோடு போட்டு, எழுதப்படாமல் போன மிச்சத்தைத் தன் மனக்கணக்கில் சேர்த்துக்கொண்டே வருவார். நாளொன்றுக்கு 600 கிராம் வெட்டுப்பட்டால் 25 நாளில் 15 கிலோ ஆகிவிடும் என்பதை எனக்குப் பாடசாலை சொல்லித் தரவில்லை. அந்தச் சுவர் சொல்லித் தந்தது.

இதை அறிந்திருந்த நானே ஆசிரியை ஆனபின், “மிகச் சிறியது, கணக்கில் எடுப்பதில்லை” என்ற அதே வாக்கியத்தை ஒரு கொழுந்துக்காரியின் மகளிடம் சொல்லியிருக்கிறேன். அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நம் பாடப்புத்தகத்தில் இந்தச் செயலுக்கு மட்டந்தட்டல் என்று பெயர். ஐந்தும் அதற்கு மேலும் இருந்தால் கூட்டு, குறைந்தால் விட்டுவிடு என்பது விதி. கூடுதலும் குறைவும் இருபக்கமும் மாறி மாறி விழுவதால் அந்த விதியில் ஒரு நியாயம் உண்டு. மடுவத்தின் மட்டந்தட்டல் எப்போதும் ஒரே பக்கமாகக் கீழே மட்டும் தட்டும். மலையில் மட்டக்கம்பு வைத்துச் செடியின் மேல்தளத்தைச் சரிபார்ப்பவர்களுக்கு மட்டம் என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்தால் அதற்கு மட்டம் என்று பெயர் இல்லை.

1.59 என்ற மிச்சம்

அந்த இரவு நான் செய்த கணக்கு எளிதானது. ஆனாலும் இத்தனை ஆண்டுகள் கற்பித்தும் ஒருமுறைகூடச் செய்து பார்த்ததில்லை. ஒரு மீற்றர் விட்டமுள்ள வட்டத்தை எடுத்துக்கொண்டேன். அதன் பரிதி 3 மீற்றரும் 141.59 மில்லிமீற்றரும். 3.14 என்று நிறுத்தினால் 1.59 மில்லிமீற்றர் குறைகிறது. நம் பரீட்சைத் தாள்களில் பெரும்பாலும் பையின் பெறுமானம் 22/7 எனக் கொள்க என்றே இருக்கும். அதைக் கொண்டால் பரிதி 3 மீற்றரும் 142.86 மில்லிமீற்றரும் ஆகிறது, அதாவது 1.26 மில்லிமீற்றர் கூடுகிறது. ஆக, எல்லோரும் முரட்டுக் கணக்கு என்று ஒதுக்கும் 22/7, தசமத்தில் அழகாகத் தெரியும் 3.14ஐ விட உண்மைக்கு அருகில் இருக்கிறது. மேலும், ஒன்று குறைத்துத் தருகிறது; மற்றது சற்றுக் கூட்டியே தருகிறது. நான் எழுந்து விளக்கைப் போட்டு மீண்டும் ஒருமுறை வகுத்துப் பார்த்தேன்.

அப்போதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. 3.14இல் வெட்டுப்பட்ட மிச்சம் 0.00159. நாங்கள் வகுப்பில் காத்திருந்து கைதட்டிய நேரம் 1.59. திகதி வெட்டி எறிந்ததைத்தான் கடிகாரம் பொறுக்கி எடுத்திருக்கிறது! பிற்பகல் 1.59 வரை காத்திருப்பது வெறும் விளையாட்டு என்று அதுவரை நினைத்திருந்தேன். நாட்காட்டியில் இடம் கிடைக்காத மிச்சத்துக்குக் கடிகாரத்தில் இடம் தேடும் வேலை அது என்று அன்று தோன்றியது. நிமிடமும் போதாமல் செக்கன் வரை போகிறார்கள். 2015ஆம் ஆண்டில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களையும் சேர்த்து, காலை 9 மணி 26 நிமிடம் 53 செக்கன் வரை நீட்டி, பத்து இலக்கங்களைப் பிடித்துவிட்டார்கள். நூறாண்டுக்கு ஒருமுறைதான் அது வாய்க்கும். அதன்பிறகும் மிச்சம் இருக்கிறது. இந்த எண்ணை எந்த இரு முழு எண்களின் விகிதமாகவும் எழுத முடியாது என்று லாம்பர்ட் 1760களில் நிறுவிவிட்டார். விகிதமுறா எண்ணின் தசமங்கள் ஓயவும் மாட்டா, ஒரே ஒழுங்கில் சுழலவும் மாட்டா. ஆகவே எந்தத் திகதியாலும் எந்த நேரத்தாலும் அதை முழுவதுமாகப் பிடிக்க முடியாது.

மிச்சம் என்ற சொல் மனதில் விழுந்தபின், நாட்காட்டியே எனக்கு வேறு விதமாகத் தெரியத் தொடங்கியது. ஆண்டுக்கு 365 நாள் என்கிறோம்; சூரியன் எடுத்துக்கொள்வதோ ஏறத்தாழ 365.2422 நாள். அந்தக் கால் நாளை வெட்டிவிட்டு நாட்காட்டி சும்மா இருந்துவிடவில்லை. நான்கு ஆண்டு சேர்த்து வைத்து, நெட்டாண்டின் பெப்ரவரி 29ஆகத் திருப்பித் தருகிறது. அப்படித் தருவது சற்று அதிகமாகிவிடுவதால் 400 ஆண்டில் மூன்று நாளை விட்டுவிடுகிறது. 1900 நெட்டாண்டு ஆகாததும் 2000 ஆனதும் அதனால்தான். கணக்கை இப்படி இருபக்கமும் நேர்செய்யும் ஏடு ஒன்று மடுவத்தில் இருந்திருந்தால் என் அம்மாவின் சுவரில் கரிக்கோடுகள் தேவைப்பட்டிருக்காது.

கடிகாரத்திலும் இது எங்களுக்கு நேர்ந்திருக்கிறது. 1996இல் வறட்சியால் நீர்மின்சாரம் போதாமல் போனபோது, மே மாதத்தில் இலங்கை முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அம்மாவும் அயல் பெண்களும் கும்மிருட்டில் டோர்ச் வெளிச்சத்தோடு, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எடுத்துக்கொண்ட அந்த ஒரு மணி நேரத்தில் பாதியை அதே ஆண்டு ஒக்டோபரில் திருப்பித் தந்தார்கள். மிச்ச அரை மணி நேரம் 2006 ஏப்ரலில்தான் வந்து சேர்ந்தது.

கூடை முடையும் தாத்தா

அடுத்த வாரம் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு நூல் துண்டு கொடுத்து, வீட்டில் வட்டமாக என்ன இருக்கிறதோ அதையெல்லாம் அளந்து வரச் சொன்னேன். பால்மா டின், ரொட்டிக் கல், தண்ணீர்ப் பீப்பாய், கோயில் தப்பு, ஒரு பழைய சைக்கிள் சில்லு. ஒருத்தி வகுப்புக் கடிகாரத்தின் நிமிட முள்ளை அளந்தாள். 10 சென்டிமீற்றர் நீளம். அதன் நுனி மணிக்கு ஏறத்தாழ 62.8 சென்டிமீற்றர், நாளுக்கு 15 மீற்றர், ஓர் ஆண்டில் ஐந்தரைக் கிலோமீற்றர் நடக்கிறது என்று கணக்கிட்டபோது, தங்கள் வீட்டுக்கும் நகரத்துக்கும் அவ்வளவுதான் தூரம் என்று அவளே கண்டுபிடித்துச் சொன்னாள். எல்லோருடைய கொப்பியிலும் விடை மூன்றும் கொஞ்சமும் என்றே வந்தது; அந்தக் கொஞ்சம் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. நூல் இழுபட்டது, டின் நசுங்கியிருந்தது, பீப்பாயின் விளிம்பு துருப்பிடித்திருந்தது. பொருள்கள் ஒவ்வொன்றும் தன் குறையோடு இருந்தபோதும் அந்த மூன்றும் கொஞ்சமும் மட்டும் ஒருவரையும் விட்டுவிலகவில்லை.

கேள்வி கேட்ட மாணவி கொழுந்துக் கூடையின் வாயை அளந்து வந்திருந்தாள். இப்போது மலைக்குப் பெரும்பாலும் சாக்குத்தான் கொண்டு போகிறார்கள்; மூங்கில் கூடை முடைபவர் அவர்கள் லயத்தில் ஒரே ஒரு முதியவர்தான் எஞ்சியிருக்கிறார். அவள் என்னை அவரிடம் அழைத்துப் போனாள். வீட்டு முன்பக்க இஸ்தோப்பில் அமர்ந்து மூங்கில் சீவிக்கொண்டிருந்தவரிடம், “தாத்தா, வாய் வளையத்துக்கு எவ்வளவு நீளம் எடுப்பீங்க?” என்று கேட்டேன். “ஒரு சாண் அகலத்துக்கு மூணு சாணும் ரெண்டு விரலும் எடுக்கணும் டீச்சரம்மா. ரெண்டாவது விரலைக் கொஞ்சம் நெருக்கிப் புடிக்கணும். கட்டுக்கு வேற தனியா விடணும்” என்றார், கத்தியை நிறுத்தாமலே. மூன்று சாண் மட்டும் எடுத்தால் என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். “வாய் கூடாது, தாயி” என்றார்.

ஒரு சாணுக்குப் பன்னிரண்டு விரல். மூன்று சாணுக்கு மேலே வரும் மிச்சம், துல்லியமாகக் கணக்கிட்டால், 1.7 விரல். 22/7 வைத்துக் கணக்கிட்டாலும் 1.71 விரல்தான். நெருக்கிப் பிடித்த இரண்டு விரல்! அவர் வளையத்தைத் தூக்கிக் காட்டியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது என்று எழுதுவதில் எனக்குத் தயக்கம் இல்லை. அந்த மிச்சத்தை அவர் சிறியது என்று ஒதுக்கியதே இல்லை. அதை எடுக்காவிட்டால் கூடைக்கு வாய் இல்லை. கூடைக்கு வாய் இல்லாவிட்டால் அன்றைய கொழுந்து இல்லை.

எங்கள் பக்கத்தில் இன்னொரு வட்டத்தைப் பற்றியும் ஒரு கதை சொல்வார்கள். தெமோதரையில் புகையிரதப் பாதை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, நிலையத்துக்கு நேர் கீழே உள்ள சுரங்கத்துக்குள் புகுந்து போகிறது. செங்குத்தான சரிவில் பாதையை எப்படி இறக்குவது என்று பொறியியலாளர் விமலசுரேந்திர குழம்பி நின்றபோது, ஒரு தோட்டத்துக் கங்காணி தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் சுற்றிக் கட்டியதைப் பார்த்து அந்த யோசனை பிறந்தது என்பது கதை. 1924இல் பாதை பதுளையை அடைந்தது. கதை உண்மையோ கற்பனையோ, பொறியியலாளரின் பெயர் அதில் நிலைத்திருக்கிறது. கங்காணியின் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கூடை முடையும் விதியைத் தாத்தாவுக்குச் சொல்லிக் கொடுத்தவரின் பெயரும் அவருக்கு நினைவில்லை. “அப்பாயி காலத்துல இருந்து இப்படித்தான்” என்பதோடு அது நின்றுவிடுகிறது.

ஆனால் நம் மொழிக்கு அந்த விதி நினைவிருக்கிறது. விட்டத்தை ஏழு கூறாக்கி, அதனோடு நான்கு கூறைச் சேர்த்து, வந்ததை இரட்டித்தால் சுற்று கிடைக்கும் என்று பழைய தமிழ்க் கணக்குச் செய்யுள் ஒன்று சொல்கிறது. ஏழோடு நான்கு பதினொன்று, இரட்டித்தால் இருபத்திரண்டு. கிரேக்கத்தில் ஆர்க்கிமிடீஸ் 96 பக்கங்கள் கொண்ட உருவத்தை வட்டத்துக்கு உள்ளும் புறமும் வரைந்து, இந்த எண் 22/7ஐ விடக் குறைவு, 223/71ஐ விட அதிகம் என்று இருபுறமும் வேலி போட்டார். ஆரியபட்டர் கி.பி. 499இல், விட்டம் 20,000 ஆனால் சுற்று 62,832 என்று கூறிவிட்டு, அதனோடு ஆசன்னம், அதாவது அருகில் இருப்பது, என்ற ஒரு சொல்லையும் சேர்த்து வைத்தார். மிச்சம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளும் அந்த ஒற்றைச் சொல் எனக்கு மிகவும் பிடிக்கும்.

இவர்களில் என் மாணவியின் கேள்விக்கு நேராகப் பதில் சொன்னவர் என்றால் சங்கமகிராமத்து மாதவன்தான். பதினான்காம் நூற்றாண்டில் கேரளத்தில் பிறந்தவர். ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்றைக் கழித்து, ஐந்தில் ஒன்றைக் கூட்டி, ஏழில் ஒன்றைக் கழித்து என்று போய்க்கொண்டே இருந்தால் பையின் காற்பங்கு வரும் என்பது அவர் வழி. அழகான வழி, ஆனால் மிகவும் மெதுவானது, நூறு உறுப்புகள் கூட்டியும் இரண்டாம் தசமதானமே ஆடிக்கொண்டிருக்கும். அவரும் அவர் வழிவந்தவர்களும் அதோடு நிற்கவில்லை. எந்த இடத்தில் நிறுத்துகிறோமோ அந்த இடத்தில் விடுபட்டுப் போகும் மிச்சம் எவ்வளவு என்பதற்கே தனியாக ஒரு சூத்திரம் கண்டு, அதைக் கடைசியில் சேர்த்தார்கள். பதினொரு தசமதானங்கள் வரை சரியாக எட்டினார் மாதவன். நிறுத்தியே ஆக வேண்டும், ஆனால் நிறுத்தும்போது மிச்சத்தை எழுதிவிட்டு நிறுத்து என்பது எனக்குக் கணிதமாகவும் தெரிகிறது, மடுவத்து ஏடாகவும் தெரிகிறது. கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன் 1914இல் வெளியிட்ட தொடரின் முதல் உறுப்பே ஆறு தசமதானங்களைச் சரியாகத் தந்துவிடுகிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது வாயைப் பிளந்தார்கள்; அதை விளக்க எனக்குப் போதுமான படிப்பு இல்லை என்பதையும் அவர்களிடம் சொன்னேன்.

ஜூலை 22

நாளைச் சொல்லிப் பிறகு மாதத்தைச் சொல்லும் நம் வழக்கத்தில் 22/7 ஜூலை 22ஆம் திகதி. உலகில் பலர் அதையும் கொண்டாடுகிறார்கள். எங்கள் மாணவத் தலைவனின் தடையும் நீங்கிவிடும், கொழுந்துக்காரியின் மகளுக்கும் மிச்சம் குறையாது. ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது, ஓய்வுபெறும் வயதில் இருந்த மூத்த ஆசிரியர் ஒருவர், “ஜூலை வேண்டாம், பிள்ளை” என்றார். வேறு விளக்கம் அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. 1983இல் கொழும்பில் மூண்ட தீ பதுளை, நுவரெலியா வரை வந்தது. மலையகத்தில் அந்த மாதத்தின் கடைசி வாரத்தை வெறும் எண்களாகப் பார்க்கும் குடும்பம் எது? நான் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டேன்.

சில நாள் கழித்து அவரே வந்து அமர்ந்து பேசினார். 1983 ஜூலை 22 ஒரு வெள்ளிக்கிழமை. அப்போது அவர் உயர்தரம் எழுதக் காத்திருந்த இளைஞர். அப்பாவின் கைக்கடிகாரம் நின்றுவிட்டதால் அன்று அதைப் பதுளைக் கடைவீதியில் திருத்தக் கொடுத்தாராம். அடுத்த வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை அந்தக் கடையே இல்லை. “அந்த வெள்ளிக்கிழமைதான் எங்களுக்குச் சாதாரணமாகப் போன கடைசி நாள். சாதாரண நாளாக இருந்ததால் அதில் என்ன செய்தோம் என்று யாரும் நினைப்பதே இல்லை. அந்த நாளைப் பிள்ளைகள் வைத்துக்கொள்ளட்டும்” என்றார். நேரம் பார்த்துச் சொல்லும் பொறுப்பைத் தனக்குத் தர வேண்டும் என்றும் கேட்டார்.

நேரத்தைத் தெரிவு செய்தது பிள்ளைகள். பிற்பகல் வேண்டாம் என்பதில் அனைவரும் உறுதியாக இருந்தார்கள். கடிகாரத்தில் 7.22 ஆகும்போது நிமிடத்தை மணியால் வகுத்தால் 22/7 வருகிறது என்று பின் வரிசைப் பையன் ஒருவன் சொன்னான். காலை 7.22, முதல் மணிக்கு எட்டு நிமிடம் முன்பு. எந்தப் பேருந்தும் தவறாது, எந்தப் பாடமும் கெடாது. வாரத்தில் ஏழு நாளும் இருவேளையும் கடிகாரம் அந்த எண்ணைக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை.

அந்த ஜூலை 22 திங்கட்கிழமையாக அமைந்தது. ஊவாவில் அது காற்றுக்காலம். தென்மேல் பருவமழை மேற்குச் சரிவிலேயே கொட்டித் தீர்ந்துவிட, மலைமுகட்டைத் தாண்டி எங்கள் பக்கம் வருவது உலர்ந்த காற்று மட்டும்தான். அந்தக் காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு அதன் பெயர்பெற்ற மணம் ஏறுகிறது. எங்களுக்கோ அது கயிற்றைப் பிடித்து நிற்கவிடவில்லை. மைதானத்தின் நடுவில் முளை அடித்து, மூன்றரை மீற்றர்க் கயிறு கட்டி, கூர்மையான குச்சியால் மண்ணில் வட்டம் கீறினோம். விட்டம் ஏழு மீற்றர். அன்று 26 பேர் வந்திருந்தார்கள். அவர்களில் 22 பேர், ஆளுக்கு ஒரு மீற்றர் நீளக் கயிற்றைப் பிடித்தபடி அந்தக் கோட்டின்மேல் நின்று வட்டத்தை மூட வேண்டும். மிச்ச நால்வர் கயிறு கோட்டைவிட்டு விலகாமல் பார்த்துக்கொள்வார்கள். முன்னைய நாளே கூடைத் தாத்தாவையும் அழைத்திருந்தேன். அவர் மதிலோரம் துண்டை விரித்து அமர்ந்திருந்தார்.

7.20க்கு மூத்த ஆசிரியர் உரத்த குரலில் நிமிடம் சொல்லத் தொடங்கினார். இருபத்தோராவது பிள்ளை கயிற்றைக் கோட்டோடு வளைத்துப் பிடித்தான். இருபத்திரண்டாவதாக நின்றவள் அந்த மாணவி. அவள் கயிற்றின் நுனி முதல் பிள்ளையின் காலடியைத் தொட்டது. “ஏழு இருபத்திரண்டு!” என்று ஆசிரியர் கூவினார், பிள்ளைகள் கயிற்றை விட்டுவிட்டுக் கைதட்டினார்கள். அவள் மட்டும் கைதட்டாமல் குனிந்து, நுனி சேர்ந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு மீற்றர் விட்டத்துக்கு உண்மையான பரிதி 21.991 மீற்றர், ஆகவே அவளுடைய கயிறு 9 மில்லிமீற்றர் அதிகமாக இருக்க வேண்டும். எங்கள் மைதானம் சரிவு, கயிறு நைலோன், காற்று பலமானது. 9 மில்லிமீற்றரைக் காட்டும் அளவுக்கு எங்கள் வட்டம் நேர்த்தியானது இல்லை என்றேன். “தெரியும் டீச்சர். ஆனா கணக்குப்படி இருக்குதானே” என்று சொல்லி, அவள் தன் சுண்டு விரலைக் குறுக்காக அந்த இடத்தில் வைத்துப் பார்த்தாள். தாத்தா எழுந்து வந்து, அவர் பங்குக்குத் தன் விரலையும் அருகில் வைத்தார். 7.30க்கு மணி அடித்தது.

மதிய இடைவேளையில் அவள் கொப்பியோடு வந்தாள். சீனத்தில் ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த சூ சோங்சி 355/113 என்ற பெறுமானத்தைக் கண்டார் என்றும், ஒரு கிலோமீற்றர் விட்டத்துக்குக்கூட அது அரை மில்லிமீற்றர் பிழைக்காது என்றும் வகுப்பில் சொல்லியிருந்தேன். ஆண்டின் 355ஆம் நாள் எது என்று எண்ணிப் பார்த்திருக்கிறாள்: சாதாரண ஆண்டில் டிசம்பர் 21, நெட்டாண்டில் டிசம்பர் 20. நேரம் 1.13; கடைசி மணிக்கு 17 நிமிடம் முன்பு. அன்றைக்குப் பாடசாலை இருந்தால் பேருந்து தவறாது என்றும் பக்கத்தில் எழுதியிருந்தாள். பெப்ரவரி 29ஐச் சேர்த்து எண்ணியிருக்கிறாளா என்று நான் ஒருமுறை சரிபார்க்க வேண்டுமாம். பேனாவை எடுத்துக்கொண்டு, ஜனவரியிலிருந்து தொடங்கினேன்.